மூக்கு நோட்டு

டாக்டர்,

எதிர்வீட்டுக்காரர் காலையிலிருந்து தன் வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் எனக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. தண்ணீர்க் குழாயை என் சுவரோரமாகக் கொண்டுபோனதில் வந்த தகராறு. அது இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது வாடையைப் பற்றி. உள்ளறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவன், கேட்டைப் பார்க்காமல், டப்பாவைத் திறந்த சத்தம்கூடக் கேட்காமல், "தின்னர்" என்றேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். சமையலறையிலிருந்து மனைவி, "யாரோட பேசறீங்க?" என்று கேட்டாள்.

உங்களோடுதான். வாசலுக்குப் போய் நின்று இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். நான் முறைப்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எதிர்வீட்டுக்காரர் பிரஷ்ஷை டப்பாமேல் வைத்துவிட்டு, "என்ன சார், வாடை ஒத்துக்கலையா? வேணும்னா நாளைக்கு அடிச்சுக்கறேன்" என்றார். "இல்லை, அடிங்க" என்றேன். மூன்று வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. எனக்கு அது பதினொரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மூக்குக்கு விடும் ஸ்ப்ரே வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "சார், இந்த டாக்டரம்மா..." என்று நிறுத்தினார். ஐம்பதுகூட நிறையாத வயது, மாரடைப்பு என்றார். சாவுக்கு யார் யாரோ போயிருக்கிறார்கள், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் நான்கு மாதம் ஓடிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததையும் அதே நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

நான் உங்கள் கிளினிக்கின் மாடிப்படி ஏறி வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? எண்பதுகளின் தொடக்கம். பாகலூர் ரோட்டில் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. செவ்வாயும் வெள்ளியும் மாலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கலிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். உங்களுக்கு முப்பது தாண்டியிருந்தால் அதிகம். என்னைவிட நான்கைந்து வயது சிறியவர். நான் வரும்போதே கையில் நோட்டோடு வந்தேன். கெட்டி அட்டை போட்ட, லேபில் ரீடிங் எழுதுகிற நோட்டு.

நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கதையை ஆரம்பித்தேன். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன், வேதியியலில் எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு. கம்பெனி லேபில் வேலை. முலாம் பூசும் பிளேட்டிங் தொட்டியின் கரைசல் அளவு தவறியிருந்த ஒரு நாள், சரியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் சூப்பிரண்டெண்ட். பார்க்காத ரீடிங்கை எழுத மாட்டேன் என்றேன். அடுத்த வாரமே என்னைப் பெயிண்ட் ஷாப்புக்கு ஷிப்ட் சூப்பர்வைசராகத் தூக்கிப் போட்டார். ஒரே வருடத்தில் மூக்கு அடைத்துக்கொண்டது. பிறகு வாசனை போனது. வீட்டில் சாம்பார் அடிப்பிடித்துக் கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்தும் அடுப்பை அணைக்காமல் இருந்தேன் என்று மனைவி அழுதாள். பிறகு மூச்சிரைப்பு. எந்தத் தேதி, எந்த ஷிப்ட், என்ன பெயிண்ட், எத்தனை மணிக்கு மூச்சு வாங்கியது என்று எல்லாம் நோட்டில் இருக்கிறது. பெயிண்ட்தான் காரணம் என்று ஒரு ஸ்பெஷலிஸ்ட் சர்ட்டிபிகேட் கொடுத்தால் போதும், லேபர் கோர்ட்டில் அந்த ஆளை நிற்க வைத்துவிடுவேன்.

நீங்கள் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டே கேட்டீர்கள். பிறகு, "மொதல்ல மூக்கு காட்டுங்க சார். நோட்டு ஓடிப்போகாது" என்றீர்கள்.

பார்த்தீர்கள். ஒரு மெல்லிய கம்பியால் உள்ளே தொட்டு, "வலிக்குதா?" என்றீர்கள். வலிக்கவில்லை. தொட்டதே தெரியவில்லை. உடனே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவியைக் கூப்பிட்டீர்கள். "வாங்கம்மா, இவரு மூக்குக்குள்ள என்ன இருக்குன்னு நீங்களும் பாருங்க." வெளிச்சத்தைத் திருப்பிப் பிடித்துக் காட்டினீர்கள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அய்யோ, திராட்சையை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கே" என்றாள்.

"அதேதான். நான் புஸ்தகத்துல படிச்சதை நீங்க பார்த்தே சொல்லிட்டீங்க" என்று சிரித்தீர்கள்.

புற்றா என்று கேட்டேன். ரெண்டு மூக்கிலும் இப்படி வழவழவென்று, வெளுத்து, தொட்டால் வலிக்காமல் தொங்குவது பாலிப், புற்று மாதிரி இல்லை, எடுத்ததைச் சோதனைக்கும் அனுப்பிவிடலாம் என்றீர்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்து ரத்தமும் வந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன் என்றும் சொன்னீர்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவற்றின் உள்தோல் நாள்பட்டு வீங்கி, நீர் கோத்து, பாரம் தாங்காமல் மூக்குக்குள் இறங்கித் தொங்குகிறது. வாசனையை உணரும் இடம் மேலே இருக்கிறது, காற்று அங்கே ஏறவே வழியில்லை. அந்த வாரத்தில் எனக்கு எத்தனையோ பேர் வைத்தியம் சொல்லியிருந்தார்கள். மூக்குப்பொடி, ஓமப் புகை, வேப்பனப்பள்ளிப் பக்கம் பச்சிலைச் சாறு விட்டு சதையை உதிர்க்கிறவர் ஒருவர். என் மூக்குக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

முதலில் ஒரு வாரம் மாத்திரை கொடுத்தீர்கள், நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போகும்படி. "வீக்கம் வத்தும். வாசனை எட்டிப் பாத்துட்டுப் போகும். நல்லா இருக்குன்னு நீங்களா கடையில வாங்கிச் சாப்பிட்டுட்டே இருக்காதீங்க, எலும்பு, சுகர் எல்லாம் கெடும்." ஐந்தாம் நாள் காலை தேங்காய் எண்ணெய் மணந்தது. மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் அதுவும் போய்விட்டது.

பிறகு சதையை எடுத்தீர்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்தில் நனைத்த துணி நாடாவை மூக்குக்குள் அடைத்து, அரை மணி நேரம் உட்காரவைத்து, ஒரு கம்பிக் கண்ணியை உள்ளே விட்டுக் காம்பைச் சுருக்கி இழுத்தீர்கள். வலி இல்லை. ஆனால் தலைக்குள்ளே யாரோ ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற சத்தம். டிரேயில் ஒவ்வொன்றாக விழுந்தது. "ஒம்பது. இன்னும் ரெண்டு, அசையாதீங்க. கம்பெனி மேல இருக்கிற கோவத்தை இப்ப நெனைக்காதீங்க, பி.பி. ஏறும்."

இரண்டு நாள் மூக்கை அடைத்து வைத்திருந்து, நாடாவை உருவியபோது முதலில் ஸ்பிரிட் வாசனை வந்தது. அப்புறம் கீழே சைக்கிள் கடையின் ரப்பர் சொல்யூஷன். நான் அழுதேன். தண்ணீர் மூக்கிலிருந்து வருகிறதா கண்ணிலிருந்து வருகிறதா என்று தெரியாத மாதிரி நீங்கள் பஞ்சைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அந்த நல்ல நேரத்திலும் நீங்கள் பொய் சொல்லவில்லை. "இது திரும்ப வரும் சார். தொங்கினதைத்தான் எடுத்திருக்கேன், வீங்கற குணம் உள்ள இருக்கு. ஸ்ப்ரே தினமும் விட்டா மெதுவா வரும், சின்னதா வரும். விட்டுட்டா சீக்கிரமே வரும்." எனக்கு அது பிடிக்கவில்லை. முடிந்துவிட்டது என்று கேட்க வந்தவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா?

அதைவிடப் பிடிக்காதது அடுத்து நடந்தது. சர்ட்டிபிகேட் கேட்டேன்.

"பெயிண்ட்னாலதான் பாலிப் வந்ததுன்னு எழுத மாட்டேன். எனக்கு அது தெரியாது."

"எழுதினால் உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நோடி சார்," என்றீர்கள். பொறுமை போகும்போதுதான் உங்களுக்கு 'பாருங்க' போய்க் கன்னடம் வரும். "பாக்காத ரீடிங்கை எழுத மாட்டேன்னுதானே உங்களை லேப்ல இருந்து தூக்கினாங்க? இப்ப என்னை எழுதச் சொல்றீங்களே."

பதில் இல்லாத இடத்தில் என்னைப் போன்றவனுக்குக் கோபம்தான் வரும். மறுநாள் கேன்டீனில், பெயிண்ட் ஷாப் ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது, அந்த டாக்டரம்மா கம்பெனி ஆள் என்று சொன்னேன். மேனேஜ்மென்ட் அவரைக் கையில் போட்டுக்கொண்டுவிட்டது, யாரும் அங்கே போகாதீர்கள் என்றேன். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ப்ரேயையும் நிறுத்தினேன், உங்கள் மேல் இருந்த கோபத்தை என் மூக்கின் மேல் காட்டினேன்.

பத்து மாதத்தில் மூக்கு பழையபடி அடைத்தது. மூச்சிரைப்பு முன்னைவிட மோசம். நோட்டில் நாலைந்து பக்கம் கூடியது. என் கேஸ் பலப்படுவதாக நினைத்தேன்.

பெயிண்ட் ஷாப்பில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு சூப்பர்வைசர் மேஜை டிராயரிலும் பிஸ்கெட் டின் ஒன்றில் தலைவலி மாத்திரை இருக்கும். தின்னர் வாடையில் தலை கனக்கும்போது ஆளுக்கு ஒன்று, டீயோடு. வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்கிற மாதிரி வந்து எடுத்துக்கொள்வார்கள். பெயிண்ட் வாடைக்கு முறிவு அந்த மாத்திரை என்றே அங்கே எல்லாரும் நம்பினார்கள். எம்.எஸ்ஸி. படித்த நானும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் ஷிப்ட். தலைவலி. டீ வந்தது, மாத்திரை போட்டேன். அரை மணி நேரம் இருக்காது, மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டியது, கண் சிவந்தது, நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். பேச வரவில்லை. பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் பிடிக்கிற முனிராஜ்தான் ஓடிவந்தான். மூக்கண்டப்பள்ளியில் என் தெருவிலேயே குடியிருந்தவன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். என்னைத் தூக்கித் தன் மொபெட்டின் பின்னால் வைத்து, இன்னொருவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நேரே உங்கள் படியில் கொண்டுவந்து நிறுத்தினான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "சும்மா இரு சார், சாவறப்பவும் சண்டையா?" என்றான்.

நீங்கள் ஊசி போட்டீர்கள். ஆட்டோவில் நீங்களும் ஏறிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி வரை என் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தீர்கள். கிளினிக்கில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள் என்று முனிராஜ் பின்னால் சொன்னான். ஆக்சிஜன் வைத்து, என் உதட்டுக்கு நிறம் திரும்பும்வரை அங்கேயே நின்றீர்கள். என்னால் பேச முடிந்ததும் நீங்கள் கேட்ட முதல் வார்த்தை: "அந்த நோட்டு எங்க?"

"எந்த நோட்டு?" என்றேன்.

முனிராஜ் முந்திக்கொண்டான். "மூக்கு நோட்டா மேடம்? டிராயர்ல இருக்குது. நாங்க எல்லாம் அதை அப்பிடித்தான் சொல்லுவோம். யாரையும் தொட உடமாட்டாரு."

நீங்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் முழுவதும் படித்தீர்கள். வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்ததோடு சரி. யூனியன் தலைவர் அட்டையை மட்டும் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அதைத் திருப்பி என் முன்னால் வைத்தீர்கள். சிவப்புப் பென்சிலில் கோடுகள்.

"பன்னெண்டு தடவை பெரிசா மூச்சு வாங்கியிருக்கு. அதுல மூணு தடவை நீங்க ஷாப்லயே இல்லை. ஒண்ணு ஞாயித்துக்கிழமை. ஒண்ணு ஆயுத பூஜை லீவு. ஒண்ணு உங்க மச்சான் வீட்டுக் கல்யாணத்துல. அங்க யாரு பெயிண்ட் அடிச்சாங்க?"

நான் பக்கத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன்.

"ஓரத்துல சின்ன எழுத்துல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க. 'தலைவலி, மாத்திரை ஒன்று.' எதுக்கு எழுதினீங்க?"

"தின்னரால் தலைவலி வருகிறது என்பதற்கு ஆதாரம்."

"பன்னெண்டுல பத்துக்கு அது இருக்கு. மாத்திரைக்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள்ள மூச்சு. மீதி ரெண்டும் ஜலதோஷத்தோட வந்தது. கல்யாண வீட்டுலயும் மாத்திரை. ஆயுத பூஜைக்கும் மாத்திரை."

அது ஆஸ்பிரின். ஆயிரம் பேர் போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பாலிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்திருக்கிற சிலருக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளாது, அந்த வகையைச் சேர்ந்த மற்ற வலி மாத்திரைகளும் ஒத்துக்கொள்ளாது என்று விளக்கினீர்கள். சதை, மூச்சிரைப்பு, இந்த ஒவ்வாமை, அப்படிப்பட்டவர்களுக்கு மூன்றும் ஒரே குடும்பம் மாதிரி சேர்ந்தே வரும். மூன்றாவது இருப்பது போட்டுக்கொள்ளும்வரை தெரியாது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மோசமாகலாம். "நானும் முதல் நாளே என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. என் தப்பு அது" என்றீர்கள்.

என் வாழ்க்கையில் எனக்கு மேலே உட்கார்ந்திருந்த ஒருவர் 'என் தப்பு' என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். சூப்பிரண்டெண்ட் சொன்னதில்லை. என் அண்ணன் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்படியென்றால் பெயிண்டுக்குச் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டேன். என் குரல் கெஞ்சியது என்று நினைக்கிறேன். இரண்டு வருடமாக அந்த ஒரு கோபத்தில்தான் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தேன்.

"இல்லைன்னும் எழுத மாட்டேன் சார். வாடை, புகை எல்லாம் உங்க மூச்சுக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதை எழுதறேன்." எழுதிக் கொடுத்தீர்கள். மூச்சிரைப்பு உள்ளவரைப் பெயிண்ட் ஷாப்பில் வைக்கக் கூடாது என்று நாலு வரி. அந்த நாலு வரியில் நான் பெயிண்ட் ஷாப்பை விட்டு வெளியே வந்தேன். லேபுக்கு அல்ல, ஸ்டோர்ஸுக்கு. அந்த சூப்பிரண்டெண்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போகவில்லை. என் நோட்டே எனக்கு எதிர்ச் சாட்சியாகிவிட்டது. இன்னொரு கடிதத்தில் அந்த பிஸ்கெட் டின்களைப் பற்றியும் கம்பெனிக்கு எழுதினீர்கள். டிராயர்களிலிருந்து டின்கள் போயின. முதலுதவி அறையில் மாத்திரை கேட்டால், "இழுப்பு இருக்கா, மூக்குல சதை இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளில் பாலிப் மூன்றாம் முறை வந்தபோது, முந்திய இரண்டு முறை போலக் கண்ணியை எடுக்கவில்லை நீங்கள். "பெங்களூர்ல இப்ப டெலஸ்கோப் வெச்சு உள்ள பாத்துட்டே பண்றாங்க. அறைகளோட வாசலையே பெரிசாத் திறந்து விடுவாங்க, ஸ்ப்ரே மருந்தும் உள்ள வரைக்கும் போகும். எனக்கு அது தெரியாது, இனிமேத்தான் கத்துக்கணும். தெரிஞ்சவர்கிட்ட போங்க" என்றீர்கள். தெரியாது என்பதை அவ்வளவு சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னீர்கள். பெங்களூரில் ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கும் முன் பார்த்தேன். டிவி பெட்டிக்குப் பக்கத்தில் பச்சை உடையில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், கையில் சின்ன நோட்டோடு. நாற்பது வயதில், வாரம் ஒரு நாள், மாணவி மாதிரி பின்னால் நின்று கற்றுக்கொண்டிருந்தீர்கள்.

அன்று சாயங்காலம் வார்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள் தெரியுமா? "கம்பெனி ஆளு சொல்றேன், கேளுங்க சார். இதுவும் திரும்ப வரலாம். ஸ்ப்ரேயை நிறுத்தாதீங்க."

எனக்கு மூக்கு முழுவதும் அடைத்திருந்தது. நல்லதாயிற்று, பேசாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று பிறகும் கேட்கவில்லை. கேன்டீனில் சொன்ன அந்த மாதமே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் ஆட்டோவில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

இதைத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ செவ்வாயும் வெள்ளியும் இருந்தன. ஒவ்வொரு முறையும் மூக்கைக் காட்டிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, படி இறங்கிவிட்டேன். என் பேச்சால் எத்தனை பேர் உங்களிடம் வராமல் போனார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அதே மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருந்தது என்று யோசித்து யோசித்து, போன வாரம் முனிராஜைத் தேடிப்போனேன். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டான். காது கொஞ்சம் மந்தம். சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது: "அன்றைக்குக் கேன்டீனில் டாக்டரம்மாவைப் பற்றி நான் சொன்னது பொய், முனிராஜ்."

அவன் சிரித்தான். "அது எங்களுக்கு அப்பவே தெரியும் சார். நீ யாரைத்தான் நல்லவங்கன்னு சொல்லியிருக்கே? நீ திட்டத் திட்ட, எங்க அக்காவைக்கூட அங்கதான் கூட்டினு போனேன். ஷாப்ல பாதிப் பேரு அங்கதான் போவாங்க. உனக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்."

நான் சொன்னதை ஒருவன்கூட நம்பவில்லை டாக்டர். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, மூச்சு விடுவது சுலபமாக இருந்தது.

நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. தொடக்கூடாத மாத்திரைகளின் பெயர்கள், கீழே, 'பல் டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டவும்.' மடிப்பில் கிழிந்து, மெழுகுத்தாள் உறையில் போட்டிருக்கிறேன். சட்டையைத் துவைக்கப் போடும்முன் மனைவி முதலில் அதை எடுத்து வைப்பாள். நோட்டும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நீங்கள் சிவப்புப் பென்சிலால் எழுதியது மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது: 'நல்ல ரீடிங். முடிவு மட்டும் தப்பு.'

யாரையாவது பற்றி மனதுக்குள் வழக்குக் கட்டத் தொடங்கும்போதெல்லாம் அந்த வரி வந்து நிற்கிறது. எல்லா முறையும் கேட்கிறேன் என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் பொய் எழுத வராது.

எதிர்வீட்டுக்காரர் இரண்டாவது கோட் தொடங்கிவிட்டார். காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது. நீங்கள் இருந்தால், "நோடி சார், உள்ள போய் ஜன்னலைச் சாத்துங்க" என்றிருப்பீர்கள். போகிறேன் டாக்டர். இன்னும் ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போகிறேன்.